40 தடவை செத்தாலும் காசு போகாத கேம்! - ‘திறமை’ங்கிற சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?

உங்க போன்ல இருக்குற கேம்ல கடைசியா எப்போ முழுசா தோத்தீங்க? நாலாவது இடம் வந்ததையோ, நெட் போய் மேட்ச் கட் ஆனதையோ கேட்கலை. ‘இது நமக்குச் சுத்தமா வராதுப்பா’ன்னு போனைக் கட்டில்ல தூக்கிப் போட்டீங்களே, அந்த மாதிரி தோல்வி. யோசிச்சுப் பாருங்க. அநேகமா ஞாபகம் வராது. அதுக்குக் காரணம் உங்க திறமை மட்டும் இல்லை.

இந்தத் தீபாவளி லீவுக்கு பரளச்சி போயிருந்தேன். அருப்புக்கோட்டையைத் தாண்டிட்டா ரெண்டு பக்கமும் கரிசல், அதை விட்டா சீமைக்கருவேலம். வருஷம் முழுக்கக் காய்ஞ்சு கிடக்குற அந்த மண்ணு ஐப்பசியில மட்டும் செருப்பைப் பிடிச்சு இழுக்கும். வெளியே போக முடியாத மழை. சித்தி வீட்டு பீரோ மேலே பழைய சேலையில சுத்தி ஒரு லேப்டாப் கிடந்தது. சித்தி மகள் ப்ளஸ் டூ படிச்சப்போ அரசாங்கம் கொடுத்த ‘விலையில்லா மடிக்கணினி’. பேட்டரி எப்பவோ செத்துருச்சு; ஒயரைச் சொருகியே வச்சிருந்தாத்தான் உயிர். அந்த வீட்டுல போன் நாலு இருக்கு. கம்ப்யூட்டர்னு சொன்னா அது ஒண்ணுதான்.

அதுல ‘கமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸ்’ கேமைப் போட்டேன். 1998-ல வந்தது. கல்லூரியில ரெண்டாவது வருஷம் படிக்கிற சித்தி மகன் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். பி.ஜி.எம்.ஐ-ல அவன் பெரிய கை. ஸ்கிரீனைப் பார்த்தவன் கேட்ட முதல் கேள்வி: “என்னண்ணே, எறும்பு சைஸ்ல இருக்காய்ங்க?”

இருபது நிமிஷத்துல பதினாலு தடவை செத்தான். முதல் மிஷன்லயே. “இதெல்லாம் ஒரு கேமாண்ணே...”ன்னு எழுந்து போயிட்டான்.

அந்தப் பதினாலு சாவைப் பத்திதான் இந்தக் கட்டுரை. ஏன்னா, அஞ்சு வருஷமா தமிழ்நாட்டுக் கோர்ட்டுகள்ல ஓடுன ஒரு பெரிய வழக்குச் சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு.

ஆறு பேர், ஆயிரம் கண்கள்

முதல்ல கேம். ஸ்பெயினோட தலைநகர் மாட்ரிட்ல இருந்த பைரோ ஸ்டூடியோஸ் உருவாக்கி, ஐடோஸ் வெளியிட்டது. வடிவமைப்புக்குத் தலைமை கொன்ஸோ சுவாரெஸ். இரண்டாம் உலகப் போர் காலம். எதிரி நாட்டுக்குள்ளே ஆறு வீரர்கள். ஒருத்தர் கத்திக்காரர், ஒருத்தர் தூரத்திலிருந்து சுடுறவர், ஒருத்தர் தண்ணிக்குள்ளே போறவர், ஒருத்தர் குண்டு வைக்கிறவர், ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் வேஷம் போடுற உளவாளி. ஒருத்தர் செய்யிற வேலையை இன்னொருத்தரால செய்ய முடியாது. ஆறுல எவர் செத்தாலும் மிஷன் காலி. மொத்தம் 20 மிஷன்.

அந்தக் காலத்துல ‘ஸ்ட்ராட்டஜி கேம்’னா படையைக் கூட்டி, காசைச் சேர்த்து, மொத்தமா போய் மோதுறது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆடினவங்களுக்குத் தெரியும். கமாண்டோஸ்ல படை கிடையாது, காசு கிடையாது. துப்பாக்கி இருக்கும், ஆனா சுட்டா சத்தம் கேட்டு சைரன் அடிக்கும், இருக்குற எதிரி எல்லாம் உங்க மேல வந்து விழுவாய்ங்க. அதனால பதுங்கணும், தவழணும், காத்திருக்கணும்.

கேமோட உயிரே அந்தப் பச்சை நிற முக்கோணம்தான். எந்த எதிரியோட பார்வை வேணுமோ அவன் மேல கிளிக் பண்ணா, அவன் கண்ணு எதுவரைக்கும் போகுதுன்னு தரையில விரிஞ்சு காட்டும். கிட்டக்க வெளிர்பச்சை; அதுக்குள்ள தவழ்ந்தாலும் மாட்டுவீங்க. தூரத்துல கரும்பச்சை, அங்கே நின்னாதான் தெரியும், தவழ்ந்தா தப்பிச்சுக்கலாம். ஒரு நேரத்துல ஒரே ஒருத்தன் பார்வையைத்தான் பார்க்க முடியும். மத்தவன் எங்கே பார்க்குறான்ங்கிறதை நீங்க மனசுல வச்சுக்கணும். பனியில நடந்தா காலடித் தடம் விழும், அதைப் பிடிச்சுக்கிட்டு ரோந்து வருவான். கொன்ன ஆளை நடுவழியில போட்டுட்டுப் போனீங்கன்னா அடுத்தவன் பார்த்துட்டு சைரனை அடிப்பான். தூக்கிட்டுப் போய் மறைக்கணும்.

கிராமத்துல வளர்ந்தவங்களுக்கு இது புதுசே இல்லை. கடலைக் காட்டுல காவக்காரர் எப்போ திரும்புவார், எந்த நேரத்துல டீக்கு எழுந்து போவார், எந்தப் பக்கம் நாய் கிடக்கும்னு கணக்குப் பண்ணி உள்ளே நுழைஞ்சவங்கதானே நாம! கோயில் கல்தரையில கோடு கிழிச்சு ஆடுற ஆடுபுலி ஆட்டமும் இதே ஜாதிதான். மூணு புலி, பதினஞ்சு ஆடு. பலமில்லாத பக்கம் இடம் பார்த்து, நேரம் பார்த்து நகர்ந்தா பலமுள்ளவனைக் கட்டிப் போடலாம். இன்னும் பின்னாடி போனா, ராத்திரியில போய் எதிரி ஊர் மாட்டை ஓட்டிட்டு வர்ற வெட்சித் திணை. ஒற்றனை அனுப்பி வேவு பார்க்குறது, சத்தமில்லாம ஊரைச் சுத்தி வளைக்கிறதுன்னு தொல்காப்பியம் அதுக்குத் துறை துறையா பிரிச்சு வச்சிருக்கு. அந்தக் காலத்து மிஷன் லிஸ்ட்டுன்னே சொல்லலாம்!

ஏன் அவ்வளவு கஷ்டம்?

பழைய கேம்னா எல்லாமே பொன்னுன்னு சொல்ற ஆள் நான் இல்லை. இதுல எரிச்சல் படுத்துற விஷயம் நிறைய. எதிரி கண்ணுல பட்டதும் யோசிக்க அரை நிமிஷம் கூடக் கிடைக்காது. எதுக்கெடுத்தாலும் கீபோர்டுல தனித் தனிப் பட்டன். சில மிஷன்ல வழி ஒண்ணே ஒண்ணுதான். டிசைனர் மனசுல நினைச்சதை நீங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் சாகணும். கத்துக்கொடுக்குறதுல பெரிய அக்கறையும் கிடையாது. முதல் மிஷன்லயே மூணு பேரைக் கையில கொடுத்து, நடுவுல ஆத்தை வச்சு, போன்னு தள்ளி விட்டுடும்.

ஆனா ஒரு விஷயத்துல அது நேர்மையானது. உங்களை ஏமாத்தாது.

தாயக்கட்டை மாதிரி உருட்டிப் பார்க்குற அதிர்ஷ்டம்னு எதையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. அந்த வேலி ஓரத்துக் காவலாளி பத்து அடி நடந்து, நின்னு, திரும்புவான்னா நீங்க மறுபடி ஆடும்போதும் அதே பத்து அடிதான். நீங்க நாற்பதாவது தடவை சாகுறப்போ, முதல் தடவை தெரியாத ஏதோ ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். செத்ததுக்குக் காரணம் நீங்கதான்னு சந்தேகமில்லாமத் தெரியும். செத்ததும் என்ன நஷ்டம்? சேவ் பண்ண இடத்துலேர்ந்து மறுபடி. அவ்வளவுதான்.

2003, 2004-ல அருப்புக்கோட்டை பிரவுசிங் சென்டர்ல இதை ஆடினப்போ எங்களுக்குக் காசும் போச்சுன்னு ஒத்துக்கணும். மணிக்கு இருபது ரூபாய். போன வாரம் சேவ் பண்ணது இந்த வாரம் இருக்காது. வேற எவனாவது அழிச்சிருப்பான். ஆனா பத்து தடவை செத்தாலும் இருபது ரூபாய், நூறு தடவை செத்தாலும் இருபது ரூபாய்தான். தோக்கத் தோக்க ரேட்டு ஏறாது. இந்தச் சின்ன வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

உங்களை ஜெயிக்க விடுற போன்

இப்போ உங்க போனுக்கு வருவோம். புதுசா ஒரு பேட்டில் ராயல் கேம் இன்ஸ்டால் பண்ணதும் முதல் சில மேட்ச்ல ஆறு கில், ஏழு கில்னு எடுத்தீங்கல்ல? அதுல பாதிப் பேர் மனுஷங்களே இல்லை. பப்ஜி மாதிரி கேம்கள்ல ஆரம்ப நிலை மேட்ச்ல எதிரியா வர்றவங்கள்ல நிறைய பேர் ‘பாட்’. கம்ப்யூட்டரே ஓட்டுற பொம்மைகள். உங்க பக்கமே பார்க்காமச் சுடுவாய்ங்க. ஜெயிச்ச சந்தோஷத்துல நீங்க ஒட்டிக்கணும்ங்கிறதுதான் கணக்கு. இது பெரிய குத்தம்னு சொல்ல வரலை. இலவசமா கொடுக்குற கேமுக்கு முதல் பத்து நிமிஷத்துல ஆளைப் பிடிச்சாத்தான் பிழைப்பு. இருபது நிமிஷத்துல பதினாலு தடவை சாகடிச்சா நீங்க அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிருவீங்க; என் சித்தி மகன் எழுந்து போன மாதிரி.

அதனால கஷ்டமான கேம் போனுக்குள்ளே அதிகம் வர்றதில்லை. வந்தாலும், சிக்குற இடத்துல ‘விளம்பரம் பார், ஒரு உயிர் வாங்கு’ன்னு கதவு வச்சிருப்பாங்க. மாட்டுற இடத்துல உங்களை உட்கார்ந்து யோசிக்க விடுறதுல அவங்களுக்கு லாபம் இல்லை.

பரளச்சி மாதிரி ஊர்ல இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. சென்னையில ஒரு பையனுக்கு போனும் இருக்கும், லேப்டாப்பும் இருக்கும், நண்பன் வீட்டுல பிளேஸ்டேஷனும் இருக்கும். இங்கே போன் மட்டும்தான். கேம்னா என்னங்கிறதையே அந்த ஆறு இன்ச்தான் அவனுக்குச் சொல்லித் தருது. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு 2011-லேர்ந்து கொடுத்துக்கிட்டிருந்த லேப்டாப் சில வருஷம் கழிச்சு நின்னு போச்சு. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குத் தரப்போறதா 2025 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. படிப்புக்குத்தான், தெரியும். ஆனா ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்குள்ளே வந்தா அதுல என்னென்னவோ நடக்கும். நடக்கட்டும்.

கோர்ட்டுல ‘திறமை’

ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருந்தப்போதான் அவன் அந்தக் கதையைச் சொன்னான். அவன் செட்டுல ஒருத்தர், மில் வேலைக்குப் போறவர். போன தீபாவளி போனஸை முழுசா ஆன்லைன் ரம்மியில விட்டவர். அப்புறம் பொண்டாட்டி நகை, அப்புறம் லோன் ஆப்.

“அந்தண்ணனுக்கு ரம்மி நல்லா வரும்ணே. ஊர்ல சீட்டு போட்டா அவருதான் ஜெயிப்பாரு. அதான் இறங்கிட்டாரு.”

இந்த ஒரு வரியை நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஆட்டம் தெரியாதவர் இல்லை. ஆட்டம் தெரிஞ்சதாலதான் இறங்கினார்.

உங்கள்ல நிறைய பேருக்கு ஆன்லைன் ரம்மி தடைன்னா ‘ஒரு தடவை தடை பண்ணாங்க, அப்புறம் எடுத்தாங்க, மறுபடி பண்ணாங்க’ன்னு குழப்பமா ஞாபகம் இருக்கும். குழப்பத்துக்குக் காரணம் ஒரே ஒரு சொல்: திறமை.

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம்னு உச்ச நீதிமன்றம் 1967-லயே ஆந்திர வழக்கு ஒண்ணுல சொல்லிடுச்சு. எந்தச் சீட்டு விழுந்துச்சுன்னு ஞாபகம் வைக்கணும், எதைப் பிடிக்கணும், எதை விடணும்னு கணக்குப் போடணும். அதனால அது வெறும் சூதாட்டம் இல்லைன்னு. அந்தக் கேடயத்தைத்தான் ஆப் கம்பெனிகள் தூக்கிப் பிடிச்சாங்க. தமிழ்நாடு அரசு 2020 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டு, 2021 பிப்ரவரியில சட்டமாவே கொண்டு வந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிருச்சு. அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில குழு. 2022 அக்டோபர்ல புது மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்லதான் ஒப்புதல். அதே வருஷம் நவம்பர்ல உயர் நீதிமன்றம் ‘சட்டம் செல்லும், ஆனா ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், தடைப் பட்டியல்ல வராது’ன்னு சொன்னது. அப்புறம் 2025 பிப்ரவரியில தடைக்குப் பதிலா கட்டுப்பாடு வந்தது. 18 வயசுக்குக் கீழே கூடாது, ஆதார் வேணும், ராத்திரி 12 மணியிலேர்ந்து காலை 5 மணி வரைக்கும் காசு வச்சு ஆடக் கூடாது. 2025 ஜூன்ல உயர் நீதிமன்றம் இதை ஏத்துக்கிட்டது.

ரெண்டே மாசம். 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டு வந்து மொத்த ஆட்டத்தையும் கலைச்சிருச்சு. காசு கட்டி, காசு ஜெயிக்கலாம்ங்கிற எதிர்பார்ப்போட ஆடுற எந்த ஆன்லைன் ஆட்டமும் தடை. திறமையா, அதிர்ஷ்டமா, ரெண்டும் கலந்ததாங்கிற கேள்வியே கிடையாது. நடத்துறவங்களுக்கு மூணு வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுறவங்களுக்குத் தண்டனை இல்லை. இந்திய கிரிக்கெட் டீம் சட்டையிலேர்ந்து ட்ரீம் 11 பேரு காணாமப் போனது அதனாலதான். இதை எதிர்த்த வழக்குகள் இப்போ உச்ச நீதிமன்றத்துல இருக்கு.

‘திறமை’ங்கிற சொல்லைச் சட்டம் இப்படித் தூக்கிப் போட்டது சரியா? கம்பெனிகளோட வாதம் இதுதான்: திறமைசாலி ஜெயிக்கிற ஆட்டத்தைச் சூதாட்டத்தோட எப்படிச் சேர்க்கலாம்? கேட்குறப்போ நியாயமாத்தான் இருக்கும். அந்தப் பழைய கேமை ஒரு ராத்திரி ஆடிப் பார்த்தா அந்த வாதம் எங்கே இடிக்குதுன்னு புரியும்.

கத்துக்குற செலவு யாரோடது?

திறமை எப்படி வரும்? தோத்துத்தான் வரும். கமாண்டோஸ்ல பத்தாவது மிஷனை முடிக்கிற ஆள் அதுக்கு முன்னாடி நூத்துக்கணக்குல செத்திருப்பார். சதுரங்கமோ, வயலினோ, பைக் ஓட்டுறதோ, எல்லாத்துக்கும் இந்தக் கதைதான். எந்த விஷயத்துல திறமைக்கு அதிக இடம் இருக்கோ, அதுலதான் புதுசா வர்றவன் ரொம்ப நாள் தோக்க வேண்டியிருக்கும்.

இப்போ அந்த ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு விலை வைங்க. செத்தா ஐம்பது ரூபாய். மறுபடி செத்தா நூறு. கமாண்டோஸ் அப்படி இருந்திருந்தா என் சித்தி மகன் முதல் இருபது நிமிஷத்துலயே எவ்வளவு விட்டிருப்பான்னு கணக்குப் போட்டுப் பாருங்க!

முழு அதிர்ஷ்ட ஆட்டத்துல நீங்களும் பழம் தின்னு கொட்டை போட்டவனும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் ஒரே வாய்ப்பு. திறமை ஆட்டத்துலதான் பழகினவன் பழகாதவனை ஒவ்வொரு நாளும் உறிஞ்ச முடியும். மேஜையில விழுற ஒவ்வொரு பாட்டுலயும் ஆப் கம்பெனி தன் பங்கைத் தனியா எடுத்துக்கும். அப்போ எல்லா ஆட்டக்காரங்களையும் மொத்தமா கூட்டிப் பார்த்தா நஷ்டம்தான்; ஜெயிக்கிற சிலருக்குப் போறது தோக்குற பலரோட காசு. ‘இது திறமை ஆட்டம்’னு விளம்பரம் சொன்னது பொய்யில்லை. ஆனா அதோட முழு அர்த்தம், ‘நீங்க கத்துக்குற வரைக்கும் மத்தவங்களுக்குப் படியளக்கணும்’ங்கிறது. அதை எந்த விளம்பரமும் சொல்லலை.

அந்த மில் வேலைக்காரருக்கு நடந்தது இதுதான். திண்ணையில நாலு பேர் மத்தியில அவர் கெட்டிக்காரர். ஆப்புக்குள்ளே அதையே முழுநேரத் தொழிலா வச்சிருக்குறவங்களும் உட்கார்ந்திருக்காங்க. திண்ணையில எதிராளி முகம் தெரியும். தோத்தா பெரியப்பா வந்து ‘போதும், எந்திரிடா’ன்னு சீட்டைக் கலைச்சு விடுவார். ஆப்புல எதிர்ல யாருன்னே தெரியாது, கலைச்சு விடவும் ஆள் இல்லை. ‘நாம திறமைசாலி, அடுத்த ஆட்டத்துல பிடிச்சிரலாம்’ங்கிற நினைப்பு மட்டும் கூடவே இருக்கும். லாட்டரியில தோத்தவன் நேரம் சரியில்லைன்னு நிறுத்திக்கலாம். திறமைன்னு நம்பித் தோத்தவனுக்கு நிறுத்துறது தன்னையே விட்டுக்கொடுக்குற மாதிரி.

அதனால 2025 சட்டம் அந்தச் சொல்லைத் தாண்டிப் போனது சரின்னுதான் எனக்குப் படுது. எவ்வளவு திறமை வேணும்ங்கிறது முக்கியமில்லை. கத்துக்குறதுக்கு ஆகுற செலவை யார் தலையில கட்டுறாங்கங்கிறதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனா தடையோட எல்லாம் தீர்ந்துச்சுன்னு நினைக்காதீங்க. டெலிகிராம் லிங்க்ல வர்ற ஆப்புகளுக்குச் சட்டமும் தெரியாது, விலாசமும் கிடையாது. கலரைச் சொல்லு, காசை அள்ளுங்கிற ரகம் ஊருக்கு ஊர் ஓடுது. அதுல ஏமாந்தா கூச்சப்படாம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க, சைபர் க்ரைம் உதவி எண். இன்னொரு பக்கம், காசு ஜெயிக்க முடியாத, ஆனா காசு செலவழிக்க முடியுற ‘இலவச’ கேம்கள். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே காசு கொடுத்துத் திறக்குற ‘லூட் பாக்ஸ்’ சூதாட்டம்தான்னு பெல்ஜியம் 2018-லயே முடிவு பண்ணி நிறுத்திருச்சு. நம்ம ஊர்ல அந்தப் பேச்சு இன்னும் சூடு பிடிக்கலை.

பதுங்குறவங்களுக்கும் பிழைப்பு கஷ்டம்

சரி, கஷ்டமான கேம் நல்லதுன்னா எல்லாரும் அதையே செய்ய வேண்டியதுதானேன்னு கேட்டீங்கன்னா, ஜெர்மனியில மியூனிக் நகரத்துல இருந்த மிமிமி கேம்ஸ் கதையைச் சொல்லணும். கமாண்டோஸ் பாணி கிட்டத்தட்ட செத்துப் போயிருந்த நேரத்துல அதைத் தூக்கி நிறுத்தினவங்க அவங்கதான். 2016-ல ‘ஷேடோ டாக்டிக்ஸ்’, 2020-ல ‘டெஸ்பராடோஸ் 3’, 2023-ல ‘ஷேடோ காம்பிட்’. மூணுமே விமர்சகர்கள் கொண்டாடினது. ஆகஸ்ட் 2023-ல மூணாவதை வெளியிட்டாங்க. அதே மாசக் கடைசியில கம்பெனியை மூடப் போறோம்னு அறிவிச்சுட்டாங்க. இந்த மாதிரி கேம் செய்ய ஆகுற செலவும், அதுல இருக்குற ஆபத்தும், உடம்பையும் குடும்பத்தையும் பாதிக்கிற உழைப்பும் தாங்கலைன்னு காரணம் சொன்னாங்க.

அவங்க செஞ்ச ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ‘ஷேடோ டாக்டிக்ஸ்’ல நீங்க சேவ் பண்ணி ஒரு நிமிஷம் ஆச்சுன்னா ஸ்கிரீன் மேலே ஒரு கடிகாரம் வந்து எத்தனை நேரமாச்சுன்னு ஞாபகப்படுத்தும். ‘நீ சாகத்தான் போற, அதுல வெட்கம் ஒண்ணும் இல்லை, சேவ் பண்ணி வச்சுக்கோ’ன்னு பெரியவங்க யாராவது பின்னாடி நின்னு சொல்ற மாதிரி. பழைய கமாண்டோஸ்ல இந்தக் கருணை கிடையாது. கஷ்டத்தைக் குறைக்காம, கத்துக்குறவனுக்கு ஆகுற நஷ்டத்தை மட்டும் குறைச்சிருக்காங்க பாருங்க. ரம்மி ஆப் பண்ணதுக்கு நேர் எதிர்.

கமாண்டோஸும் திரும்பி வந்திருக்கு. 2025 ஏப்ரல்ல ‘கமாண்டோஸ்: ஆரிஜின்ஸ்’, அதே ஆறு பேரும் எப்படி ஒண்ணு சேர்ந்தாங்கங்கிற கதை. ஜெர்மனியோட கிளேமோர் கேம் ஸ்டூடியோஸ் செஞ்சது. நல்ல கம்ப்யூட்டரோ, கன்சோலோ கேட்கும். சித்தி வீட்டு லேப்டாப்புல மூச்சு கூட விடாது. 1998 கேம் ஸ்டீம்லயும் ஜி.ஓ.ஜி-யிலயும் இன்னமும் விலைக்குக் கிடைக்குது. எந்த ஓட்டை லேப்டாப்பும் அதை ஓட்டிரும். தள்ளுபடி நாள் பார்த்து வாங்கினா ஒரு பிரியாணி விலை கூட ஆகாது.

வாங்குனா முதல் ராத்திரி எரிச்சலாத்தான் இருக்கும், சொல்லிட்டேன். பத்து நிமிஷம் எதையும் பண்ணாம வேடிக்கை மட்டும் பாருங்க. எவன் எங்கே போறான், எங்கே நிக்கிறான், எப்போ திரும்புறான். உங்க ஆளைத் தொடவே வேண்டாம். போன் கேம் பழக்கத்துல கை துறுதுறுன்னு இருக்கும். அதை அடக்குறதுதான் இந்த கேம்ல முதல் பாடம். ஒவ்வொரு ஆளைத் தாண்டினதும் சேவ் பண்ணுங்க. துப்பாக்கி இருக்குன்னு மறந்திருங்க.

இதை நான் அவன்கிட்ட சொல்லலை. எழுந்து போனவனைக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தா வருவானா?

மறுநாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். மழை இரைச்சல்ல முழிப்பு வந்து பார்த்தா, நடு வீட்டுல லேப்டாப் வெளிச்சம். அவன் மவுஸைத் தொடாம, கன்னத்துல கை வச்சு ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தான். உதடு மட்டும் அசையுது.

“என்னடா பண்ற?”

“ஷ்ஷ்... எண்ணிக்கிட்டு இருக்கேன்ணே.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போச்சு. பேட்டரிதான் செத்ததாச்சே, ஸ்கிரீன் பொட்டுன்னு அணைஞ்சுது. சேவ் பண்ணியிருந்தானான்னு கேட்டேன். இல்லையாம். திட்டுவான்னு பார்த்தேன். இருட்டுக்குள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“பரவால்லண்ணே, பதினொண்ணு எண்ணுறதுக்குள்ள திரும்பிர்றான். ரெண்டாவது ஆளு ஏழு. கரண்ட் வரட்டும்.”